கத்திரி வெயிலில் கம்பளிச் சட்டை: பின்னும் முறையும் இடையில் குடிக்கும் பானங்களும்

போன வருடம் கத்திரியில் ஒரு நாள் மத்தியானம், வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) உட்கார்ந்து கம்பளி நூலை உருண்டை சுற்றிக்கொண்டிருந்தேன். மோர் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்து அம்மிணி வாசப்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்க்கா, வெளிய கால் வெக்க முடியலீங். நீங்க கம்பளிய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறீங்களே!" என்றாள். ஒரு டம்ளர் நன்னாரி கலந்து கொடுத்து அவளை உட்காரவைத்தேன். அன்றைக்கு அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மகள் கோத்தகிரியில் டீச்சர். எங்கள் ஊர் காங்கேயத்துக்குக் கிழக்கே, கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியுமாகக் கிடக்கிற வறண்ட பூமி. இங்கே மார்கழிக்கு ஒரு துப்பட்டி போதும். மேட்டுப்பாளையத்தில் மலை ஏறத் தொடங்கினால் 33 கிலோமீட்டரில் கோத்தகிரி வந்துவிடும், ஆனால் உயரம் 1,800 மீட்டருக்குப் பக்கம். அவள் வேலைக்குப் போன முதல் வருடம், குளிர் தாங்கவில்லை என்று போன் செய்த பிறகு ஐப்பசியில் ஊசியை எடுத்தேன். முடித்துக் கொடுக்கும்போது மாசி. குளிரெல்லாம் போன பிறகு சட்டை போய்ச் சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு சட்டை என்றால் 55 ஆயிரம் கண்ணுக்கு, அதாவது ஊசியில் ஏறும் வளையத்துக்கு, பக்கம் பின்ன வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கே இரண்டு, இரண்டரை மாதம் பிடிக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நாலு மாதம் ஆகும். அதனால் சித்திரையில் தொடங்குங்கள். வெளியே போக முடியாத அந்த மத்தியான நேரம் எப்படியும் வீட்டுக்குள்தான் கழியும்.

ஒரு வார்த்தையை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். ஜாக்கெட் என்றால் நம் பக்கம் ரவிக்கை. நான் சொல்வது முன்பக்கம் திறந்து, பட்டன் வைத்து, கழுத்து வி வடிவத்தில் இறங்கும் கம்பளி ஜாக்கெட். கார்டிகன் என்பார்கள். சேலைக்கு மேலும் போடலாம், சுடிதாருக்கு மேலும் போடலாம்.

முந்தின நாள் ராத்திரியே கூழ்

பின்னல் மத்தியானத்துக்குத்தான். ஆனால் அந்த மத்தியானத்தில் உடம்பு சோர்ந்து விழாமல் இருக்க, வெடியால கம்மங்கூழ் குடித்திருக்க வேண்டும். அதற்கான வேலை முந்தின நாள் பொழுதோட தொடங்குகிறது.

ஒரு டம்ளர் கம்பைக் கல் பார்த்துக் கழுவி, தண்ணீரை வடித்து, ஈரத்தோடு கால் மணி நேரம் வையுங்கள். உரல் இருந்தால் இடிக்கலாம். இல்லையென்றால் மிக்ஸியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று. தோல் கழன்று வரும். முறத்தில் போட்டுப் புடைத்துத் தோலை எடுத்துவிட்டு, மறுபடி மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடையுங்கள். மாவாகிவிடக் கூடாது, மாவானால் கூழ் பசை மாதிரி ஆகும். நாலு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் உப்புப் போட்டு, உடைத்த கம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். அடுப்பைக் குறைத்து 25 நிமிடம். தண்ணீர் தொட்ட கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறினதும் உருண்டை பிடித்து, மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, அதில் மூழ்கும்படி போட்டு மூடி வையுங்கள். பிரிட்ஜில் வைக்கக் கூடாது. ராத்திரி முழுக்க வெளியே இருந்தால்தான் லேசான புளிப்பு ஏறும்.

வெடியால இரண்டு உருண்டையை எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே கையால் கரைத்து, ஒரு டம்ளர் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போடுங்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். சித்திரை, வைகாசி வெயிலில் எட்டு மணி நேரப் புளிப்பு போதும். ஒரு நாளைத் தாண்டினால் அளவு மீறிப் புளிக்கும், அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். இதைக் குடித்துவிட்டுப் போனால் காட்டு வேலையானாலும் சரி, வீட்டு வேலையானாலும் சரி, மத்தியானம் வரைக்கும் பசி எடுக்காது.

நூல், ஊசி, மாதிரித் துண்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 வருடம் செக்கிங்கில் இருந்தேன். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் எல்லாம் பார்க்கிற வேலை. அதனால் கை ஊசியில் பின்னக் கற்றபோது எனக்கு எல்லாமே தெரிந்த முகமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பனியனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி வி வரிசையாக இறங்கும், உள்பக்கம் மேடு மேடாக இருக்கும். நாம் பின்னப்போவதும் அதே பின்னல்தான், நூல் மட்டும் தடிமன். கழுத்திலும் கையிலும் இழுத்தால் விரிகிற ரிப் இருக்கிறதே, அதுவும் இதில் அப்படியே வரும்.

அளவுக்கு வருவோம். நான் சொல்லும் கணக்கு 36 அங்குல மார்புச் சுற்றுக்கு. உள்ளே துணி போட்டு மேலே அணிவதால், முடிந்த சட்டை 40 அங்குலம் வரும். நூல் 500 கிராம். 4 மில்லிமீட்டர் ஊசிக்கு என்று லேபிளில் போட்டிருக்கும் தடிமன் வேண்டும். உருண்டைகள் எல்லாம் ஒரே லாட் நம்பராக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சாயம் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் கொஞ்சம் மாறும். உருண்டையாகப் பார்த்தால் தெரியாது, பின்னி முடித்த பிறகு முதுகில் கோடு போட்ட மாதிரி தெரியும். பனியன் கம்பெனியில் இதற்காகக் கட்டுக் கட்டாகச் சரக்கு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு உருண்டை கூடவே வாங்கிவிடுங்கள்.

ஊசி 8ஆம் நம்பர் ஒரு ஜோடி, அது 4 மில்லிமீட்டர். ரிப்புக்கு 10ஆம் நம்பர், 3.25 மில்லிமீட்டர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். பட்டன் வருகிற முன்பட்டைக்கு 10ஆம் நம்பரிலேயே நடுவில் கயிறு வைத்த வட்ட ஊசி ஒன்று. கோடையில் பின்னுவதால் மூங்கில் ஊசியே வாங்குங்கள். அலுமினிய ஊசி வியர்த்த கையில் வழுக்கும், கண் நழுவும். மூங்கில் நூலைப் பிடித்துக்கொள்ளும். மடியில் ஒரு பருத்தித் துண்டு, பக்கத்தில் கை கழுவத் தண்ணீர். வெளிர் நிறக் கம்பளி வியர்வையிலேயே அழுக்காகிவிடும்.

ஊசியில் ஏறியிருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண் என்று சொல்கிறேன். பின்னல் இரண்டே வகை, நிட், பர்ல். நிட் என்றால் நூல் பின்னால் இருக்கும். வலது ஊசியைக் கண்ணுக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழைத்து, நூலைச் சுற்றி, புது வளையத்தை முன்னால் இழுத்து, பழைய கண்ணை இடது ஊசியிலிருந்து இறக்கிவிட வேண்டும். பர்லுக்கு நூல் முன்னால். ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் நுழைத்து, சுற்றி, வளையத்தைப் பின்னால் தள்ளி எடுக்க வேண்டும். நல்ல பக்கம், அதாவது வெளியே தெரிகிற பக்கம், முழுக்க நிட், திருப்பி வரும்போது முழுக்க பர்ல் போட்டால் பனியன் துணி மாதிரி வரும். கையில் இது பழக ஒரு வாரம் ஆகும். அதற்கு மேல் ஆகாது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். நூல் வாங்கி வந்த உற்சாகத்தில் நேராகச் சட்டையைத் தொடங்காதீர்கள். 8ஆம் நம்பர் ஊசியில் 30 கண் ஏற்றி, ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னுங்கள். நனைத்துக் காயவைத்து, நடுவில் ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். நாலு அங்குலத்துக்கு 22 கண்ணும் 30 வரிசையும் வர வேண்டும். 22க்கு மேல் வந்தால் கை இறுக்கம், 7ஆம் நம்பர் ஊசிக்கு மாறுங்கள். குறைந்தால் 9ஆம் நம்பருக்கு மாறுங்கள். என் முதல் சட்டையில் இதைச் செய்யவில்லை. எனக்கு 20 கண்தான் வந்திருக்கிறது. நாலு அங்குலத்துக்கு இரண்டு கண்தானே என்று தோன்றும். ஆனால் 40 அங்குலம் வர வேண்டிய சட்டை 44 ஆகிவிட்டது. மகள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாள், தோள் இரண்டும் முழங்கையை நோக்கி இறங்கிக் கிடந்தது. அந்தச் சட்டையை முழுக்கப் பிரித்துத்தான் மறு வருடம் பின்னினேன்.

நன்னாரி ஊறட்டும், முதுகுப்பக்கம் வளரட்டும்

நன்னாரி சர்பத்தை ஒரு முறை செய்து வைத்தால் கோடை முழுக்க வரும். நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வேர் வாங்குங்கள். வாசம் வர வேண்டும். மோந்து பார்த்தால் மண் வாசனை மட்டும் வந்தால் அது பழைய வேர். கழுவி, குழவிக் கல்லால் தட்டினால் பட்டை பிளந்து, நடுவில் வெள்ளைக் குச்சி தனியாக வரும். குச்சியில் வாசம் கிடையாது, எறிந்துவிடுங்கள். பட்டையை ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். வேரைப் போட்ட பிறகு கொதிக்கவைக்காதீர்கள், வாசம் ஆவியோடு போய்விடும். மறு நாள் வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரை ஒரு கிலோவை அரை லிட்டர் தண்ணீரில் தனியாகக் காய்ச்சி, கையில் தொட்டால் பிசுபிசுக்கிற கம்பிப் பதத்துக்கு முந்தின நிலையில் நன்னாரித் தண்ணீரை ஊற்றி, ஐந்து நிமிடம் சிறு தீயில் சேர்த்து இறக்குங்கள். அரை எலுமிச்சை பிழிந்தால் சர்க்கரை மறுபடி கல்லாகாது. கண்ணாடிப் பாட்டிலில் பிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் செய்தால் தேன் நிறம்தான் வரும், கறுஞ்சிவப்பு வராது. ஒரு டம்ளர் பானைத் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி, அரை எலுமிச்சை. அவ்வளவுதான். கலக்கும்போது பின்னலை எட்டத்தில் வையுங்கள். கம்பளியில் பாகு பட்டால் எறும்பு வந்துவிடும்.

முதுகுப்பக்கத்துக்கு 10ஆம் நம்பர் ஊசியில் 110 கண் ஏற்றுங்கள். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் போய், கடைசியில் இரண்டு நிட்டில் முடியும். திரும்பி வரும்போது கண்ணைப் பார்த்துப் பின்னினால் போதும், நிட் தெரிகிற இடத்தில் நிட், மேடு தெரிகிற இடத்தில் பர்ல். இரண்டரை அங்குலம் ரிப். அப்புறம் 8ஆம் நம்பருக்கு மாறி, நேராகப் பின்னிக்கொண்டே போங்கள். கீழ் விளிம்பிலிருந்து மொத்தம் பதினாலரை அங்குலம் வந்ததும் அக்குள். அடுத்த இரண்டு வரிசையின் தொடக்கத்திலும் எட்டெட்டுக் கண் முடித்துவிடுங்கள். முடிப்பது என்றால் இரண்டு கண் பின்னி, முதல் கண்ணை இரண்டாவதின் மேலாகத் தூக்கி இறக்கிவிடுவது. மிச்சம் 94. அங்கிருந்து 64 வரிசை நேராக. கடைசியில் 94 கண்ணையும் முடிக்கும்போது, 30ஆவது கண்ணிலும் 64ஆவது கண்ணிலும் கலர் நூலால் அடையாளம் வையுங்கள். இரண்டு ஓரத்து 30 கண்ணும் தோள், நடுவில் 34 கழுத்து.

முன்பக்கம் இரண்டு துண்டு. ஒவ்வொன்றுக்கும் 54 கண், அதே ரிப், அதே பதினாலரை அங்குலம். அக்குள் ஓரத்தில் எட்டுக் கண் முடித்தால் 46. அதே இடத்திலிருந்து எதிர் ஓரத்தில் கழுத்துச் சரிவும் தொடங்குகிறது. கழுத்து ஓரத்தில் இரண்டு கண்ணைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். நாலு வரிசைக்கு ஒரு முறை இப்படி, மொத்தம் 16 முறை. மிச்சம் 30, தோளுக்குச் சரியாக வந்துவிடும். முதுகின் உயரம் வந்ததும் முடித்துவிடுங்கள். இரண்டாவது துண்டில் அக்குளும் கழுத்தும் எதிரெதிர்ப் பக்கம் மாற வேண்டும். முதல் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பின்னுங்கள். இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டால் பிரிக்கிற வேலை மனசைக் கெடுக்கும்.

இந்த நேரத்தில்தான் தாகம் அதிகம் எடுக்கும், ஏனென்றால் முதுகும் முன்பக்கமும் மடியில் கிடக்கும், சூடு ஏறும். அதற்கு நீர்மோரை மிஞ்சியது இல்லை. ஒரு டம்ளர் தயிருக்கு நாலு டம்ளர் தண்ணீர் விட்டுக் கடையுங்கள். சின்ன இஞ்சித் துண்டு, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி எல்லாவற்றையும் அம்மியில் நசுக்கிப் போட்டு, சிட்டிகைப் பெருங்காயம். கால் மணி கழித்து வடிகட்டுங்கள். உப்பைக் குடிக்கும்போது போடுங்கள். மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, காற்று வரும் ஜன்னல் பக்கம் மணல் மேல் வைத்தால் ஐஸ் வேண்டியதில்லை. பானை மேல் கசிகிற தண்ணீர் காய்வதில்தான் உள்ளே குளிர்கிறது, அதனால் பானையைப் பெயிண்ட் அடித்து வாங்காதீர்கள்.

தெளுவு, அதாவது பதநீர், கிடைக்கிற நாளில் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அது வீட்டில் செய்கிற பொருள் இல்லை, வெயில் ஏறுவதற்குள் மரத்தடியில் வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

கை, பட்டை, பட்டன்

கைக்கு 10ஆம் நம்பர் ஊசியில் 50 கண் ஏற்றி, இரண்டரை அங்குல ரிப். 8ஆம் நம்பருக்கு மாறியதும், நாலு வரிசைக்கு ஒரு முறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண் கூட்டுங்கள். 22 முறை கூட்டினால் 94 கண். பிறகு கூட்டாமல், மொத்த நீளம் பதினெட்டரை அங்குலம் வரும் வரை நேராகப் பின்னி முடித்துவிடுங்கள். இந்தச் சட்டையில் தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், அதனால் கை நீளம் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு கையையும் ஒரே ஊசியில், இரண்டு நூல் உருண்டை வைத்து ஒன்றாகப் பின்னுவது என் வழக்கம். வரிசை எண்ணுகிற தொல்லை இல்லை, இரண்டும் ஒரே அளவாக வரும்.

தோளோடு தோளைத் தைத்துச் சேர்த்து, கையின் மேல் விளிம்பை அக்குள் உயரத்துக்குப் பொருத்தித் தையுங்கள். கைத்துண்டின் பக்க ஓரங்களில் மேலே ஒன்றரை அங்குலம், முடித்து விட்ட எட்டுக் கண்ணோடு சேரும். அப்புறம் பக்கத் தையலும் கைத் தையலும் ஒரே நீளமாக.

முன்பட்டைக்கு வட்ட ஊசி. வலது முன்பக்கத்தின் அடியிலிருந்து, நல்ல பக்கம் உங்களைப் பார்க்க, நாலு வரிசைக்கு மூன்று கண் என்ற கணக்கில் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே மேலே போங்கள். கழுத்துச் சரிவு தொடங்கும் வரை 81, சரிவில் 48, பின்கழுத்தில் 34, மறுபடி 48, 81. மொத்தம் 292 வரும். பின்கழுத்தில் இரண்டைக் குறைத்து 290 ஆக்கினால் ரிப் சரியாக உட்காரும். எட்டு வரிசை ரிப். நாலாவது வரிசையில் பட்டன் ஓட்டை. பெண்கள் சட்டைக்கு வலது பக்கம், அதாவது அந்த வரிசையின் தொடக்கத்திலேயே வருகிறது. மூன்று கண் விட்டு இரண்டு கண் முடியுங்கள், 13 பின்னி மறுபடி இரண்டு முடியுங்கள். இப்படி ஆறு ஓட்டை. அடுத்த வரிசையில் அந்த இடங்களில் இரண்டிரண்டு கண் புதிதாக ஏற்றுங்கள். ரிப்பை முடிக்கும்போது தளர்வாக முடியுங்கள், இறுக்கினால் முன்பக்கம் மேலே சுருட்டிக்கொள்ளும். ஆறு பட்டனையும் ஓட்டை அளவு பார்த்த பிறகு வாங்குங்கள். நான் தேங்காய் ஓட்டுப் பட்டன் போட்டேன், காப்பிக்கொட்டை நிறக் கம்பளிக்கு அது அழகாக இருந்தது.

தையல் வேலை நடக்கிற நாளில் வீட்டில் ஆள் சேரும், அதற்குப் பானகம். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கிடைத்தால் அதையே வாங்குங்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சர்க்கரையைக் கரைத்து வடிகட்டி, இரண்டு எலுமிச்சை, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் மூன்று, ஒரு கல் உப்பு, நாலு துளசி இலை. எங்கள் மாரியம்மன் நோம்பிக்கு என் அம்மாயி மொடாவில் கலக்கும்போது உப்பைத்தான் கடைசியாகப் போட்டு ருசி பார்ப்பார். அந்த ஒரு கல் உப்பு இல்லாவிட்டால் பானகம் வெறும் சர்க்கரைத் தண்ணீர். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதுவும் நன்னாரியும் வேண்டாம், நீர்மோர் கொடுங்கள்.

முடிந்த சட்டையைப் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசுங்கள். வெந்நீர் கூடவே கூடாது, அசல் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே வெள்ளை வேட்டி விரித்து, கையையும் கழுத்தையும் நேராக்கிப் படுக்கவையுங்கள். கட்டிலின் அடியிலும் காற்றுப் போவதால் ஒரே நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததும் பட்டனைத் தைத்து, மடித்து, காய்ந்த நொச்சி இலையை வெள்ளைத் துணியில் முடிந்து சட்டையோடு பெட்டியில் வையுங்கள். மகள் தீபாவளிக்கு வரும்போது எடுத்துக் கொடுத்தால், குளிருக்கு முன்னாலேயே மலை ஏறிவிடும்.